கொல்லைப்புறத் தளம்: மிக்சர் மெஷினா, ரெடிமிக்ஸா?

வீட்டுக்குப் பின்னால் 20 அடிக்கு 15 அடி இடத்தில், 4 அங்குல கனத்துக்குக் கான்கிரீட் தளம் போட நினைப்பவருக்கு முதல் கணக்கு எளிது. 300 சதுர அடியை அடியில் மூன்றில் ஒரு பங்கால் பெருக்கினால் 100 கன அடி வரும்; மணலும் ஜல்லியும் விற்கும் அளவில் அது சரியாக ஒரு யூனிட், ரெடிமிக்ஸ் பிளாண்டின் அளவில் 2.83 கன மீட்டர். இந்த எண்ணை வைத்துக்கொண்டு, பொருள்களை வாசலில் இறக்கி வாடகை மிக்சர் மெஷினில் கலக்கலாம், அல்லது லாரியில் ஆயத்தக் கலவையாக வரவழைக்கலாம். தரையில் கொட்டி மண்வெட்டியால் புரட்டுவது சின்னப் பழுதுகளுக்குச் சரி; இந்த அளவுக்கு அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. விலையும் உறுதியும்தான் பொதுவாக ஒப்பிடப்படுகின்றன என்றாலும், கணக்கில் பிசகினால் அது யார் தலையில், எப்போது விழும் என்பதில்தான் இவ்விரண்டும் உண்மையில் வேறுபடுகின்றன.

மெஷினில் கலப்பதாக இருந்தால், உலர்ந்த பொருள்கள் கலந்து இறுகும்போது சுருங்கும் என்பதால் 100 கன அடியை 1.54 ஆல் பெருக்கி 154 கன அடியாகக் கொள்ள வேண்டும். எம்20 என்ற கான்கிரீட் வலிமைத் தரத்துக்கு வழங்கும் ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்ற விகிதத்தில் அது 28 கன அடி சிமென்ட், 42 கன அடி எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்த மணல்), 84 கன அடி முக்கால் அங்குல ஜல்லி எனப் பிரியும். 50 கிலோ மூட்டை ஒன்றேகால் கன அடிக்குச் சற்றுக் குறைவு என்பதால் 23 மூட்டைகள், அரை யூனிட் எம்-சாண்ட், ஒரு யூனிட் ஜல்லி என்று சொல்லிவிடலாம். சேதாரத்தையும் சேர்த்து இரண்டு மூட்டை கூடுதலாக வாங்கிவைத்தால் போதும். மீந்தால் கடையில் திருப்பிக் கொடுக்கலாம், குறைந்தால் அரை மணி நேரத்தில் ஆள் போய் எடுத்து வரலாம். மெஷின் வழியின் பெரிய வசதி இதுதான்.

அதன் பலவீனம் அளக்கும் சட்டியில், அதாவது பாண்டில் இருக்கிறது. மூட்டைக்கு இத்தனை பாண்டு மணல், இத்தனை பாண்டு ஜல்லி என்று கணக்கு வைப்பார்கள். காலையில் தலைதட்டி நிரப்பிய பாண்டு, பதினோரு மணி வெயிலில் கூம்பாகவோ அரைகுறையாகவோ மாறிவிடும். ஒரு அடிக்கு ஒரு அடி, உயரம் ஒன்றேகால் அடி என்று பலகையில் ஒரு பெட்டி அடித்தால் அது ஏறக்குறைய ஒரு மூட்டை சிமென்டின் கொள்ளளவு. மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி ஜல்லி என்று அளந்துவிட்டால் தகராறு தீர்ந்தது. தண்ணீர் அதைவிட முக்கியம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456 இந்தத் தரத்துக்கு மூட்டைக்கு 30 லிட்டர் என்கிறது, அதிலும் ஈர மணலில் ஏற்கெனவே உள்ள தண்ணீரைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஆனால் தளர்வாக இருந்தால் இழுத்துவிடுவது எளிது என்பதால், ஹோஸ் பைப்பைக் கையில் பிடித்தவர் கலவை பாயசம் ஆகும்வரை விட்டுக்கொண்டே இருப்பார். ஹோஸை ஒதுக்கிவிட்டு அளவு தெரிந்த வாளியை வைப்பது, அன்றைக்கு வீட்டுக்காரர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை.

ரெடிமிக்ஸில் இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை; எல்லாம் எடை போட்டுக் கலக்கப்படுவதால் முதல் சட்டியும் கடைசிச் சட்டியும் ஒரே தரத்தில் இருக்கும். ஆனால் பிசகு வேறு இடத்துக்கு நகர்கிறது. லாரிகள் பெரும்பாலும் 6 கன மீட்டர் கொள்பவை; 3 கன மீட்டருக்கு அரை லோடுதான் வரும், அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். பிளாண்டுக்குச் சொல்லும் எண் ஒன்றே ஒன்று, சொன்ன பிறகு மாற்ற முடியாது. திமிசு போட்டு இடித்து இறுக்கிய கிராவல் தரை சராசரியாக அரை அங்குலம் பள்ளமாக இருந்தாலே 12.5 கன அடி கூடுதலாக உள்வாங்கும், 2.83 என்று மட்டும் சொல்லியிருந்தால் ஒரு மூலையில் முப்பது சதுர அடிக்கு மேல் வெறும் தரையாக நிற்கும், அந்நேரத்துக்கு அரைக்கால் லோடு அனுப்ப எந்தப் பிளாண்டும் வராது.

வாட்டம், அதாவது சரிவு, இன்னும் பெரிய பொறி. மழைநீர் வடிய அடிக்கு அரைக்கால் அங்குலம் என்று கொடுத்தால் 15 அடிக்கு ஏறக்குறைய 2 அங்குல இறக்கம் வரும். அடித்தரையை ரசமட்டத்துக்கு விட்டுவிட்டு மேற்பரப்பில் மட்டும் வாட்டம் எடுத்தால், சராசரி கனம் ஓர் அங்குலம் ஏறி 25 கன அடி அதிகமாகும். மெஷின் வழியில் அது ஆறு மூட்டைச் செலவு. ரெடிமிக்ஸ் வழியில் அன்றைய வேலையே பாதியில் நிற்கும். ஆகவே லாரியை அழைப்பவர், தரையிலேயே வாட்டத்தை எடுத்து, பலகை அடைத்து, நூல் கட்டி, பத்து இடங்களிலாவது நூலிலிருந்து தரைக்கு அளந்து சராசரி கண்ட பிறகே எண்ணைச் சொல்ல வேண்டும்.

லாரி தெருமுனையோடு நின்றுவிடும் வீடுகளின் நிலைமை வேறு. 3 கன மீட்டர் கலவை ஏழு டன்னுக்கு மேல். பாண்டுக்கு 25 கிலோ என்றால் ஏறக்குறைய 290 பாண்டுகள் சந்து வழியாகப் பின்கட்டுக்குப் போக வேண்டும். லோடு ஏற்றிய இரண்டு மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும் என்பது ஐஎஸ் 4926 சொல்லும் பொது விதி. பயண நேரம் போக மிஞ்சுவதுதான் சுமக்கக் கிடைக்கும் நேரம்; ஆள் பற்றாத இடத்தில் கலவை இறுக, டிரம்மில் தண்ணீர் ஊற்றச் சொல்லி, காசு கொடுத்து வாங்கிய தரத்தை அங்கேயே இழக்க நேரும்.

என் தேர்வு, இந்த அளவுத் தளத்துக்கு மிக்சர் மெஷின்தான், பெட்டியும் வாளியும் நிச்சயம் என்றால். தளத்தை 10 அடிக்கு ஏழரை அடி என்று நான்கு கட்டங்களாகப் பிரித்துக்கொண்டால், மழையோ ஆள் குறைவோ வந்தால்கூட ஒரு கட்டத்தின் விளிம்பில் கௌரவமாக நிறுத்தலாம். கார் நிறுத்துமிடமும் சேர்ந்து 5, 6 கன மீட்டரைத் தொட்டு, லாரியும் வாசல்வரை வருமானால், நாற்பது மூட்டைக்கு மேல் அளந்து காவல் காப்பதைவிட ரெடிமிக்ஸே மேல்.

போட்ட பிறகு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பராமரிப்பு. கட்டங்களுக்கு நடுவே கனத்தில் நான்கில் ஒரு பங்கு, அதாவது ஓர் அங்குல ஆழம், மறுநாள் காலைக்குள் வெட்டுக்கோடு போட்டால் விரிசல் அந்தக் கோட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். ரெடிமிக்ஸில் நிலக்கரிச் சாம்பலும் (ஃப்ளை ஆஷ்) இறுகலைத் தாமதப்படுத்தும் கலப்பும் இருப்பது வழக்கம் என்பதால் மணியாஸ் கட்டையால் தேய்த்து மட்டப்படுத்த இன்னும் சற்றுக் காத்திருக்க வேண்டும். சாம்பல் கலந்தே வரும் பிபிசி சிமென்டுக்கும் சாம்பல் கலந்த ரெடிமிக்ஸுக்கும் குறைந்தது பத்து நாள், கத்திரி வெயிலில் பதினான்கு நாள், பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும்.