கொக்குவிலில் எஞ்சின் செய்வித்த மொறிஸ் மைனர்: முதல் 500 மைல்

யாழ்ப்பாணத்தில் தேய்ந்த எஞ்சினைப் பிரித்துத் திரும்பச் செய்து தருகிற கராஜுக்குப் பஞ்சமில்லை. செய்த எஞ்சினை எப்படி ஓடிப் பழக்குவது என்று பக்கத்தில் இருந்து காட்டித் தருகிற ஒரு இடம்தான் எனக்கு இவ்வளவு காலமும் கிடைக்கவில்லை. கொக்குவிலில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், ஒரு ஒழுங்கைக்குள், பெயர்ப் பலகைகூட இல்லாத தகரக் கொட்டகையில் கிடைத்தது.

கார் அப்பாவுடையது. 1964 மொறிஸ் மைனர், 1098 சிசி. குடாநாட்டுக்குள் பெற்றோல் வராத 90களில் காபுரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய கார்களில் இதுவும் ஒன்று. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கிவிடும், பிஸ்டன் ஏறி இறங்குகிற சிலிண்டர் துளை, அதாவது போர், தேயும். அப்படித் தேய்ந்ததை மூன்று வருடத்துக்கு முன் வேறொரு இடத்தில் கொடுத்துச் செய்வித்தேன். சாவியைத் தரும்போது அவர்கள் சொன்னது ஒரே வசனம்: "ஆயிரம் கிலோமீற்றருக்கு மெதுவா ஓடுங்கோ." நானும் மணிக்கு 30 மைலுக்கு மேல் மிதிக்கவே இல்லை, போதாததற்கு தினமும் காலையில் வாசலில் பத்து நிமிடம் ஐடிலில் விட்டு வைத்தேன், நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில். ஆறு மாதத்தில் பின்னால் நீலப் புகை. அவ்வளவு காசும் போய், அப்பாவின் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

இந்தக் கராஜ் அண்ணை எஞ்சினைக் கழற்றியதும் என்னைக் கூப்பிட்டு, ரோர்ச் அடித்து போரின் உள்பக்கத்தைக் காட்டினார். கண்ணாடி மாதிரி மினுங்கியது. பிறகு லேத்தில் இருந்து ரீபோர் பண்ணி வந்த பிளொக்கைக் காட்டினார், 20 தௌ (ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று) ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு வெட்டியது. சுவர் முழுக்க மெல்லிய கோடுகள், மீன்வலை போல ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போகின்றன, நகத்தால் தடவினால் லேசாகப் பிராண்டுகிறது. அந்தக் கோடுகளின் முனை தேயும்போதுதான் பிஸ்டனைச் சுற்றி இருக்கிற ரிங்கும் போரும் ஒன்றுக்கொன்று பழகும். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது பெரும்பாலும் அதன் முதுகுப்பக்கம் போய் நிற்கிற எரிவாயுவின் அமுக்கம்தான், ரிங்கின் சொந்த விறைப்பு கொஞ்சம்தான். பூப்போல ஓடினால் அமுக்கம் போதாது, ஒயில் சுவரில் கருகிப் படிந்து பளபளப்பாகிவிடும், அதற்குப் பிறகு ரிங் உட்காரவே உட்காராது. மூன்று வருடத்துக்கு முன் நான் செய்தது அச்சொட்டாக இதுதான்.

முதல் ஸ்டார்ட்டுக்கு என்னை வரச் சொல்லியிருந்தார். பிளக் நாலையும் கழற்றிவிட்டு, ஒயில் லைட் அணையும் வரைக்கும் விட்டு விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினார். பிறகு பிளக்கைப் போட்டு ஸ்டார்ட் பண்ணி, ஐடிலுக்கு இறங்கவே விடாமல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2000 சுற்றில் பிடித்துக்கொண்டு 20 நிமிடம் நின்றார். இந்த எஞ்சினில் வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்டின் மேடுகளுக்கும் அவற்றில் உரசுகிற டப்பெட்டுகளுக்கும் ஒயில் போவது கிராங்க் சுழன்று அடிக்கிற தெறிப்பில்தான், மெதுவாகச் சுழன்றால் தெறிப்பு குறைவு, புதுக் கேமும் டப்பெட்டும் அந்த முதல் நிமிடங்களிலேயே தேய்ந்துபோகும். ரேடியேற்றருக்கு முன்னால் ஒரு பெடஸ்டல் ஃபான் ஓடியது. பெடியன் ஒருவன் ரோர்ச்சோடு கீழே படுத்து ஒழுக்குப் பார்த்தான். போட்டது 20டபிள்யூ50 மினரல் ஒயில், துத்தநாகச் சேர்மானம் கூடியது. சிந்தெற்றிக் இப்போதைக்குக் கூடவே கூடாது என்றார், அது மிச்சம் வழுக்கி ரிங்கை உட்கார விடாதாம்.

அது நல்லூர்த் திருவிழா நேரம், ரவுனுக்குள் கார் ஊர்ந்துதான் போகும். "தம்பி, இண்டைக்குக் கொண்டு போகாதேங்கோ, நாளைக்கு விடிய வாங்கோ, ரெண்டு பேரும் போவம்" என்றார். மறுநாள் காலை பருத்தித்துறை வீதியால் கோப்பாய், நீர்வேலி, புத்தூர் தாண்டி வல்லைவெளிக்குப் போனோம். அங்கே மூன்றாம் கியரில் 25 மைலில் இருந்து நன்றாக மிதித்து 40 வரைக்கும் ஏற்றி, காலை எடுத்து, பிரேக் பிடிக்காமல் கியரிலேயே திரும்ப 25க்கு இறங்க விடுவது. இப்படிப் பத்துத் தரம். மிதிக்கும்போது ரிங் அழுந்தும், காலை எடுக்கும்போது உண்டாகிற வெற்றிடம் கொஞ்சம் ஒயிலை மேலே இழுத்துத் தேய்ந்த துகளைக் கழுவும். எனக்குக் கால் நடுங்கியது, அவ்வளவு நாளும் முட்டையில் மிதிப்பதுபோல மிதித்த கால். நம்முடைய ஊரில் எஞ்சினுக்குப் பாரம் கொடுக்க ஒரு ஏற்றம்கூட இல்லையே என்று கேட்டேன். திரும்பி வரும்போது பதில் தானாக வந்தது: சோளகம், அந்தத் தென்மேற்குக் காற்று, நேரே முகத்தில் அடித்தது, அதே 40ஐப் பிடிக்க இன்னும் அரைவாசி கூடுதலாக மிதிக்க வேண்டியிருந்தது.

50 மைலில் முதல் ஒயில் மாற்றினார். வடித்த ஒயிலை ஒரு தட்டில் ஊற்றி வெயிலில் பிடித்தபோது சாம்பல் நிறத்தில் மின்னுகிற பொடி சுழன்றது, எனக்கு வயிற்றைப் பிசைந்தது. விரலால் தொட்டு உரசிப் பார்க்கச் சொன்னார். குத்தவில்லை, மா மாதிரி. "இது இருக்கத்தான் வேணும். செதில் வந்தால்தான் பயம்." 500 மைலில் இரண்டாம் முறை வடித்தபோது அந்த மினுக்கம் இல்லை. அன்றைக்கே ஹெட் நட்டுகளை நடுவில் இருந்து வெளிப்பக்கமாக டோர்க் ரெஞ்சால் திரும்ப இறுக்கி, வால்வு இடைவெளியையும் 12 தௌவுக்குச் சரிபார்த்தார். இதற்கெல்லாம் தனியாகக் காசு வாங்கவில்லை, கூலி 65,000 ரூபாவுக்குள் எல்லாம் அடக்கம், சாமான் வேறு.

குறை சொல்லாமல் விடக்கூடாது. ஐந்து கிழமை என்றது ஒன்பது கிழமை ஆனது, பேரிங் கொழும்பில் இருந்து வரவேண்டும் என்பதை நானாகப் போய்க் கேட்ட பிறகுதான் சொன்னார். போன் எடுக்கிறதே இல்லை. பில் கொப்பித் தாளில். கொட்டகையில் இடம் குறைவு, என்னுடைய கார் நாலு நாள் வேப்பமரத்துக்குக் கீழே நின்று போனற் முழுக்கக் காக்கா எச்சம். அவசரமாகக் கார் வேண்டும் என்பவர்கள் அங்கே போக வேண்டாம்.

இப்போது 1,150 மைல். கொம்பிரஷன் நாலு சிலிண்டரும் 155க்கும் 160 பிஎஸ்ஐக்கும் இடையில், முதல் நாள் இருந்ததைவிடக் கூட. கடைசி ஒயில் மாற்றத்துக்குப் பிறகு டிப்ஸ்டிக்கில் அடையாளம் இறங்கவில்லை. போன கிழமை அப்பாவை ஏற்றிக்கொண்டு வல்லைவெளியால் போனேன், அவர் பின்கண்ணாடியால் திரும்பித் திரும்பிப் புகை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார், நெல்லியடி தாண்டிய பிறகுதான் நேரே பார்த்து உட்கார்ந்தார்.

போகிறவர்கள் காலை எட்டரைக்கு முன் போங்கள், அதற்குப் பிறகு அண்ணை காருக்குக் கீழேதான் இருப்பார். ஞாயிறு பூட்டு.