வாடி நத்ரூன் ஒரு நாள் டூர்: ஐந்துக்கு இரண்டு

கெய்ரோ ஹோட்டலில் பிடித்துக் கொடுத்த டூர் இது. வாடி நத்ரூன் பாலைவனப் பள்ளத்தாக்கில் இருக்கும் நான்கு பழைய கிறிஸ்தவ மடங்கள், ஏசி வண்டி, கைடு, மதியச் சாப்பாடு. ஆளுக்கு 85 டாலர். அலெக்சாண்டிரியா பாலைவனச் சாலையில் சுமார் 100 கிலோமீட்டர்தான். ஆனால் வழியில் ஒரு பாப்பிரஸ் (நாணல் தாள்) கடையில் இறக்கிவிட்டு முக்கால் மணி நேரத்தைத் தின்றார்கள். அதை ஈடுகட்ட, தேர் அல் சுரியான் மடத்துக்குக் கிடைத்தது இருபத்தைந்தே நிமிடம். இரண்டு நட்சத்திரம் அதனால்தான்.

அந்த மடத்துக் கோவிலில் சுவர்தான் விஷயமே. 1988-ல் தீப்பிடித்து, கெட்டுப்போன ஓவியத்தை 1991-ல் பெயர்த்து எடுத்தபோது அதற்குப் பின்னால் இன்னொரு ஓவியம் இருந்திருக்கிறது. கபிரியேல் தேவதூதர் மரியாளுக்கு, இயேசு பிறக்கப்போகிறார் என்று மங்கள வார்த்தை சொல்லும் காட்சி, கூடவே நான்கு தீர்க்கதரிசிகள். அதன்பிறகு லெய்டன் பல்கலைக்கழகக் குழு 18ஆம் நூற்றாண்டுச் சாந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்க, அடுக்கடுக்காக ஓவியங்கள் வந்தன. வெள்ளைச் சாந்து முடியும் விளிம்பில் செங்காவி எட்டிப் பார்ப்பதைக் கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். "யல்லா, யல்லா" (கிளம்புங்க, கிளம்புங்க) என்று கைடு கை தட்டினார்.

நல்ல வேளை, ஒரு அபூனா (துறவிகளை அங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) எங்களோடு நடந்து வந்தார். கி.பி. 411-ல் சிரியாக் என்ற பழைய மொழியில் எழுதிய சுவடி ஒன்று இங்கிருந்து 19ஆம் நூற்றாண்டில் லண்டனுக்குப் போய்விட்டது. அதன் கடைசித் தாளின் துண்டு 1998-ல் இங்கேயே தரைக்கு அடியில் அகப்பட்டதாம். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு குறும்புச் சிரிப்பு.

வெளியே வந்ததும் என் மனைவி, "ஏங்க, இது நம்ம புளியமரங்க!" என்று கத்திவிட்டாள். புளியேதான். சிரியாக் மொழியில் பாடல்கள் எழுதிய பழைய காலத் துறவி புனித எஃப்ரேம் ஊன்றிய கைத்தடி துளிர்த்து மரமானதாக ஐதீகம். பாலைவனத்துக்கு நடுவில் அதன் நிழலில் ஐந்து நிமிடம் நின்றோம். அதுவும் கைடுக்குப் பொறுக்கவில்லை.

மற்ற மூன்று மடங்களில் ஒன்றை ஜன்னல் வழியாகக் காட்டினார்கள். சாப்பாடு ஆறிப்போன கோழி.

போகிறவர்கள் டூரை விட்டுவிட்டு டாக்சி பேசுங்கள். சுரியானுக்கு அரை நாளாவது வேண்டும். தவக்காலத்தில் பெரும்பாலும் வெளியாட்களை விடுவதில்லை, முன்பே விசாரித்துவிடுங்கள். கோவிலுக்குள் செருப்பைக் கழற்ற வேண்டும். ஓட்டை சாக்ஸ் போட்டுக்கொண்டு போனது என் தப்பு.