ஆப்பிரிக்கா மெர்சி கப்பல்: தாடைக் கட்டி வார்டில் மூன்று மாதம்

நர்ஸ் வேலை பார்க்கும் தோழிகள் சிலர், "அந்தக் கப்பலுக்குத் தொண்டு செய்யப் போகலாமா, வைத்தியம் உருப்படியாக நடக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 2018 தொடக்கத்தில் கேமரூனின் டூவாலா துறைமுகத்தில் ஆப்பிரிக்கா மெர்சி என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் நின்றபோது அதில் மூன்று மாதம் வேலை பார்த்தேன். தாராளமாகப் போகலாம்.

1980இல் டென்மார்க்கில் ரயில் ஏற்றிச் செல்லக் கட்டிய கப்பல், 2007 முதல் ஆஸ்பத்திரி. 5 ஆபரேஷன் தியேட்டர்கள். நோயாளிக்கு ஒரு பைசா செலவில்லை. நமக்குச் சம்பளம் கிடையாது, சாப்பாடு, தங்குமிடச் செலவையும் நாமே கட்ட வேண்டும். அறை சிறியது. இதெல்லாம் இரண்டு நாளில் பழகிவிடும்.

தாடைக் கட்டியோடு வருகிறவர்களின் முகங்கள்தான் பழகாது. அமிலோபிளாஸ்டோமா என்பது பல்லின் எனாமலை உண்டாக்கும் செல்களிலிருந்து கிளம்பும் கட்டி. பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. கீழ்த்தாடையில்தான் அதிகம், மெதுவாக வளரும். சீக்கிரம் எக்ஸ்ரே எடுத்தால் சின்னதிலேயே பிடித்துவிடலாம். டூவாலாவில் நான் பார்த்தவர்கள் வருஷக்கணக்கில் சுமந்தவர்கள். தாடை தேங்காய் அளவுக்குப் பெருத்து நாக்கை மேலே தள்ளியிருக்கும். சாப்பாடு இறங்காது, மல்லாந்து படுத்தால் மூச்சு அடைக்கும். அப்படியே விட்டால் பட்டினியிலோ மூச்சுத் திணறலிலோதான் முடியும்.

என் பொறுப்பில் இருந்த பெண்ணுக்கு 22 வயது. ஊரில் ஏதோ ஒரு கிளினிக்கில் இரண்டு முறை கட்டியைச் சுரண்டி எடுத்தார்களாம், இரண்டு முறையும் திரும்ப வந்துவிட்டது. சுரண்டி மட்டும் எடுத்தால் பல பேருக்கு இப்படித்தான் ஆகும். சுற்றிலும் ஒரு சென்டிமீட்டராவது நல்ல எலும்பையும் சேர்த்து அறுக்க வேண்டும். கப்பலில் அதைத்தான் செய்தார்கள். பாதித் தாடைக்கு மேல் எடுத்துவிட்டு டைட்டானியம் தகடு வைத்தார்கள். அவளுக்கு ரத்தம் கொடுத்தவர் கப்பல் சமையலறையில் வேலை பார்த்தவர். கப்பல் ஊழியர்கள்தான் அங்கே ரத்த வங்கி.

அவளுடைய அப்பா கட்டிலுக்கு அடியில் மெத்தை போட்டுப் படுத்திருந்தார், துணைக்கு வருபவர்களுக்கு அங்கேதான் இடம். முதலில் மூக்குக் குழாய் வழியாகத்தான் ஆகாரம். குழாயை எடுத்த பிறகு ஒரு மத்தியானம், இரண்டு உதட்டையும் விரலால் பிடித்துச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டி பெருத்த பிறகு அவை ஒட்டியதே இல்லை. எலும்போடு நரம்பும் போய்விட்டதால் கீழுதடு மரத்திருந்தது. எச்சில் வழியும், துண்டால் துடைப்பாள், மறுபடி சேர்ப்பாள். பக்கத்துக் கட்டில் அம்மா ஒவ்வொரு முறையும் "ஆஷியா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கஷ்டப்படுகிறவரைத் தேற்ற அந்த ஊரில் சொல்லும் சொல் அது. அப்புறம் விரலை எடுத்துவிட்டு "பாப்பா" என்றாள். பிரெஞ்சில் அப்பா. கட்டிலுக்கு அடியிலிருந்து அவர் தலை நீண்டது.

குறை என்றால் நாள் கணக்கு. தகடு வைத்த இடத்தில் இடுப்பெலும்பில் ஒரு துண்டை எடுத்து ஒட்டுவது சில மாதம் கழித்துத்தான். கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்பதோ ஏறக்குறைய 10 மாதம். கடைசியில் வந்து சேருகிறவர்களுக்கு நாள் போதாது. இந்த ஒன்றை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

குழந்தைகள் விஷயம் வேறு. வாரக்கணக்கில் தாடை வீங்கினால் அது பர்கிட் லிம்போமா என்ற புற்றுநோயாக இருக்கலாம். உகாண்டாவின் கம்பாலாவில் வேலை பார்த்த டாக்டர் டெனிஸ் பர்கிட் 1958இல் விவரித்து எழுதிய நோய். அதற்குக் கத்தி வேண்டாம், சைக்ளோபாஸ்பமைடு போன்ற புற்றுநோய் மருந்துதான் வேண்டும், அதுவும் உடனே. அந்தப் பிள்ளைகள் கப்பலுக்காகக் காத்திருக்கக் கூடாது.

போகிறவர்கள் மூன்று மாதமாவது எழுதிக் கொடுங்கள். இரண்டு வாரத்தில் திரும்பினால் தகடு வைப்பதை மட்டும்தான் பார்ப்பீர்கள். டூவாலா மாதிரி ஊர் என்றால் கொஞ்சம் பிரெஞ்சும் படித்துக்கொண்டு போங்கள்.