சினைப்பையில் கட்டியா? வயிற்று ஸ்கேன், உள் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பெண்ணுக்குச் சினைப்பையில் கட்டி என்றதும், வீட்டார் முதலில் கேட்பது “எத்தனை சென்டிமீட்டர்?” என்றுதான். அளவைவிட, உள்ளே வெறும் நீரா, திடமான சதையா, அதில் ரத்த ஓட்டம் உண்டா என்பதைத்தான் கேட்க வேண்டும். எந்தப் பரிசோதனை அதை நன்றாகக் காட்டும்?

வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனுக்குத் தண்ணீர் குடித்து, மூத்திரப்பை நிறைந்த நிலையில் போக வேண்டும். இடுப்பெலும்புக்கு மேலே வளர்ந்துவிட்ட பெரிய கட்டியை முழுதாகப் பார்க்க இதுதான் வசதி. சிறிய கட்டியின் உட்புறம் இதில் மங்கலாகவே தெரியும், உடம்பு பருமனாக இருந்தால் இன்னும் மோசம்.

பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் உள் ஸ்கேனில் கருவி சினைப்பைக்கு வெகு அருகில் போய்விடுகிறது. படம் தெளிவு. ஐயோடா என்ற பன்னாட்டு ஆய்வுக் குழு 2008-இல் வெளியிட்ட ‘எளிய விதிகள்’ இந்தத் தெளிவை நம்பியே இருக்கின்றன. சாதாரணக் கட்டிக்கு 5 அடையாளங்கள், புற்றுநோய்க்கு 5. ஒரே அறையில் நீர், ரத்த ஓட்டமே இல்லை என்றால் நிம்மதி. ஒழுங்கற்ற திடக்கட்டி, வயிற்றில் நீர், பலமான ரத்த ஓட்டம் என்றால் கவலை. இரண்டும் கலந்து வந்தாலோ எதுவுமே பொருந்தாவிட்டாலோ, அனுபவமுள்ள நிபுணர் பார்த்தாக வேண்டும்.

கூச்சத்தால் நம் அக்காமார் பலர் இதை மறுத்துவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். பெண் மருத்துவர் வேண்டுமென்று தயங்காமல் கேளுங்கள். உடலுறவு அனுபவம் இல்லாத பெண்களுக்கு வயிற்று வழியாகவோ ஆசனவாய் வழியாகவோ பார்ப்பார்கள்.

அப்புறம், சி.ஏ. 125 ரத்தப் பரிசோதனை. சினைப்பைப் புற்றுநோயில் பெரும்பாலும் ஏறும் ஒரு புரதத்தின் அளவை இது காட்டும். மில்லிலிட்டருக்கு 35 யூனிட்டுக்கு மேல் போனால் அதிகம் என்பார்கள். ஆனால் மாதவிடாய், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற சதை வெளியே வளரும் நோய்), கர்ப்பம் எல்லாமே அதை ஏற்றிவிடும். ஆரம்பக் கட்டப் புற்றுநோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது ஏறுவதே இல்லை. மாதவிடாய் நின்றவர்களுக்கு ஸ்கேனோடு சேர்த்துப் பார்த்தால் பயன் உண்டு. எந்த அறிகுறியும் இல்லாதவர் இதற்காகப் பணம் கட்ட வேண்டாம்: 2 லட்சம் பெண்களுக்கு மேல் கலந்துகொண்ட பிரிட்டிஷ் ஆய்வு, இந்த வகைப் பொதுச் சோதனையால் சாவு குறையவில்லை என்று 2021-இல் காட்டியது.

என்னைக் கேட்டால் உள் ஸ்கேன்தான் முதலில், கட்டி பெரிதென்றால் வயிற்று ஸ்கேனும் கூடவே. மாதவிடாய் வரும் வயதில் 5 செ.மீ.க்குக் குறைந்த வெறும் நீர்க்கட்டி பெரும்பாலும் 2, 3 மாதங்களில் தானாகவே கரைந்துவிடும். அவசரப்பட்டு அறுவைக்குப் போக வேண்டாம். ஆனால் திடீரென்று தாங்க முடியாத அடிவயிற்று வலியும் வாந்தியும் வந்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அப்போது எந்த ஸ்கேன் என்று பேசிக்கொண்டிருக்காமல் நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.