ஆய்க்குடியில் எடுத்த அளவு

ஆடிச் சாரல் பிடித்திருந்த நேரத்தில் தென்காசி போய்ச் சேர்ந்தேன். தங்கை மகளுக்கு ஏழு வயது. மூளை முடக்குவாதம், அவ்வப்போது வலிப்பு, விழுங்குவதில் சிரமம். தாய்மாமன் சீராக டொரன்டோவிலிருந்து உயர்ந்த ரகச் சக்கர நாற்காலி ஒன்று வாங்கி வருவதாகச் சொல்லியிருந்தேன். "வாங்கிவிடாதீர்கள் அண்ணா. அவளை அளவெடுக்காமல் எதுவும் சரிவராது" என்று தடுத்துவிட்டாள் தங்கை.

வீட்டில் ஏற்கெனவே ஒரு நாற்காலி இருந்தது. ஏதோ முகாமில் கொடுத்தது, பெரியவர்கள் உட்காரும் அகலம். இருபுறமும் தலையணை செருகினாலும் பத்து நிமிடத்தில் குழந்தை சரிந்துவிடுவாள். இரண்டு கைகளும் பிடியை இறுகப் பற்றியபடியே இருக்கும். விழாமல் இருப்பதற்கே அவள் பலமெல்லாம் போய்விடும். இப்படி ஒன்றைக் குழந்தையிடம் தள்ளிவிட்டு உதவிக் கணக்கில் எழுதிக்கொள்வதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

மாற்றுத்திறனாளிகளுக்காக ஆய்க்குடியில் இயங்கும் அமர் சேவா சங்கத்துக்குப் போனோம். 1981-இல் அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், கடற்படையில் சேருவதற்கான உடல்திறன் தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தவர். அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் அம்மா எடுத்த எடுப்பில் டேப்பைத் தொடவில்லை. பாயில் உட்கார்ந்து குழந்தையின் இடுப்பை இரு கைகளாலும் பிடித்து நேராக்கினார். தொங்கியிருந்த தலை தானாக நிமிர்ந்தது. "இடுப்புதான் சார் அஸ்திவாரம்" என்றார். அது கோணினால் முதுகெலும்பு வளையும், நெஞ்சு அமுங்கும். தலை பின்னால் சாய்ந்தபடி கஞ்சி குடித்தால் மூச்சுக்குழாய்க்குள் போகும்.

பிறகுதான் டேப். இடுப்பின் அகலம், பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்புவரை நீளம், அங்கிருந்து குதிகால்வரை, மடக்கிய முழங்கையின் உயரம். இருக்கை முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரற்கடை முன்பே முடிந்துவிட வேண்டுமாம். நீண்டால் விளிம்பு இடித்து உடம்பு முன்னால் நழுவும். டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் இத்தகைய நாற்காலிக்கு அரசு 75 சதவீதம் தருகிறது. அதற்கும் முதலில் சிகிச்சையாளர் ஒருவர் அளந்து எழுதிக்கொடுத்தாக வேண்டும். அங்கேயே குடியிருக்கும் எனக்கு இது தெரியாமல் போயிற்று.

இரண்டாம் முறை போனபோது நாற்காலி தயார். விலாவை இருபுறமும் தாங்கும் மெத்தைகள், தொடைகள் ஒட்டாமல் நடுவே ஒரு சிறு கட்டை, தலைக்கு அணை, முழங்கை உயரத்தில் ஒரு பலகை. மெத்தையை அரை அங்குலம் உள்ளே தள்ளினார்கள், திருப்பி வெளியே எடுத்தார்கள். ஒரு மணி நேரம் அதிலேயே போனது.

மறுநாள் காலை தங்கை இட்லியைப் பிசைந்து பலகையில் வைத்தாள். எதையும் பற்றவேண்டியிராத வலது கை மெல்ல நகர்ந்து வந்து தட்டைத் தள்ளிவிட்டது. தங்கை கொஞ்சம் சர்க்கரை தூவினாள். தட்டு தள்ளப்படவில்லை. ஏழு வருடமாக ஊட்டியதையெல்லாம் விழுங்கிய பிள்ளை, தனக்கு எது வேண்டும் என்று அன்றுதான் சொன்னாள்.

வளரும் உடம்பு, சில மாதங்களுக்கு ஒருமுறை அளவு பார்த்து மாற்றவேண்டும்.

எங்கள் வீட்டு வாசல்படி ஒரு அடி உயரம். அடிக்குப் பன்னிரண்டு அடி நீளத்தில் சரிவு வேண்டும். பாதித் திண்ணையை இடித்தோம். கொத்தனார் கூலியும் சிமெண்டும்தான் என் சீர். ஈரம் காய்வதற்குள் நான் விமானம் ஏறவேண்டியிருந்தது. அவள் தெருவில் இறங்கியதை வீடியோவில் பார்த்தேன். பலகையைத் தட்டித் தட்டி, கோழிகள் மேயும் பக்கம் போகச் சொல்கிறாள்.