ஒற்றைக் காக்டெய்ல் கிளிக்கு ஜோடி தேவையா? குன்னூர்க் குளிரில் ஓர் அலசல்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஒற்றைக் காக்டெய்ல் (cockatiel) கிளி வளர்க்கிறவர்கள் அடிக்கடி கேட்பது இது: "தனியாக் கிடக்கே, பாவம், ஒரு ஜோடி வாங்கி விட்டுடலாமா?" பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

காக்டெய்ல், ஆஸ்திரேலியாவில் கூட்டமாக வாழும் பறவை. நாம் கதவைச் சாத்தியதும் கொண்டையைத் தூக்கிக்கொண்டு ஒரே சுரத்தில் கத்துகிறதே, அது கூட்டத்தைத் தேடும் குரல். பாட்டியோ தாத்தாவோ நாள் முழுக்க வீட்டில் இருந்து, அது அவர்கள் தோளிலேயே பொழுதைக் கழித்தால், அந்த வீடுதான் அதன் கூட்டம். அங்கே இன்னொன்று வேண்டாம். எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய் இருட்டின பிறகுதான் திரும்புகிறார்கள் என்றால் துணை தேவை. கண்ணாடியும் மணியும் அந்த இடத்தை நிரப்பாது. இறகைப் பிடுங்க ஆரம்பித்திருந்தால் மட்டும், நோயா தனிமையா என்று முதலில் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

சரி, எதை வாங்குவது? ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் அழகுதான், ஆனால் காக்டெய்லின் கால் விரலைக் கடித்துக் குதறிவிடும். பட்ஜி (budgie) கிளி உருவத்தில் சிறியது, ஆனாலும் சாதுவான காக்டெய்லை விடாமல் சீண்டும். தனிக் கூண்டில் பக்கத்தில் இருந்தால் போதும். எஸ்டேட் மரப்பொந்திலிருந்து எடுத்த கிளிக்குஞ்சு என்று யாராவது கொண்டுவந்தால் தொடவே தொடாதீர்கள். பச்சைக்கிளி உட்பட நம் நாட்டுக் கிளிகளை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதைவிட, மலையில் பறக்க வேண்டியதைக் கம்பிக்குள் போட எப்படி மனசு வரும்?

ஆக, காக்டெய்லுக்குக் காக்டெய்ல்தான் சரியான துணை. ஒன்றுக்கொன்று தலையை நீட்டிக் கோதிவிடச் சொல்லும்போது, நம் விரல் எவ்வளவு பழகினாலும் தர முடியாத ஒன்று அதற்குக் கிடைக்கிறது. பதிலுக்கு நம்மிடம் ஒட்டுதல் கொஞ்சம் குறையலாம். அதைத் தாங்க முடியாதவர்கள் வாங்க வேண்டாம். 15 முதல் 20 வருடம் வாழக்கூடிய பறவை இது. அத்தனை காலமும் இரண்டு பேருக்குச் சோறு, சுத்தம், வைத்தியம்.

மலையில் இன்னும் சில சங்கடங்கள் உண்டு. காக்டெய்லின் இறகிலிருந்து வெள்ளைத் தூள் உதிரும். டிசம்பர், ஜனவரியில் ஜன்னலைத் திறக்க முடியாத அறையில் இரண்டு பறவை என்றால் தூளும் இரண்டு மடங்கு. வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் இந்த ஒரு காரணமே போதும், ஒற்றையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆணும் பெண்ணும் சேர்ந்தால் முட்டை. குளிரும் சுண்ணாம்புச் சத்துக் குறைவும் சேர்ந்தால் முட்டை உள்ளேயே அடைத்துக்கொண்டு பெண் பறவை செத்தும் போகலாம். பறவை வைத்தியம் தெரிந்தவரைத் தேடிப் பெரும்பாலும் கோவைக்குத்தான் இறங்க வேண்டும்; ராத்திரியில், மூடுபனியில், அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் அது லேசான காரியம் இல்லை. அதனால் இரண்டு ஆண்களே என் தேர்வு. குஞ்சில் பார்த்து ஆண், பெண் சொல்ல முடியாது, இறகு கொடுத்து டிஎன்ஏ சோதனை செய்துகொள்ளுங்கள். பெண்தான் அமைந்தது என்றால் சுண்ணாம்புச் சத்துக்காகக் கூண்டில் கடல்நுரை (கணவாய் ஓடு) எப்போதும் இருக்கட்டும், முட்டைப் பெட்டி மட்டும் வைக்காதீர்கள்.

வாங்குவதை ஏப்ரல், மே மாதத்துக்குத் தள்ளிப்போடுங்கள். கோவை வெயிலில் வளர்ந்ததை மார்கழியில் ஒரே நாளில் 1,850 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுவந்தால் தாங்காது. வந்ததும் வேறு அறையில் 30 முதல் 45 நாள் தனியாக வையுங்கள். கரி அடுப்பு மூட்டுகிற அறை மட்டும் ஆகாது. அப்புறம் கூண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பழக்கலாம். சில ஜோடி கடைசிவரை ஒட்டாது. அப்போது ஆயுசுக்கும் இரண்டு கூண்டுதான். அதற்கு வீட்டில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.