பேச்சுப் பிழை: அப்போதே திருத்துவதா, பேசி முடித்த பிறகா?

ஆங்கிலம் பேசப் பழகும் மாணவர் "ஐ கோ எஸ்டர்டே" என்கிறார். ஆசிரியர் "ஓ, யூ வென்ட் எஸ்டர்டே?" என்று சரியான வடிவத்தைத் திருப்பிச் சொல்கிறார். மாணவர் "யெஸ்" என்று தலையாட்டிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறார். உடனடித் திருத்தம் பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் இதுதான்: திருத்தம் மாணவர் காதில் வெறும் உரையாடலாகவே விழுகிறது. 1997-இல் மொழிக்கல்வி ஆய்வாளர்களான ராய் லிஸ்டரும் லெய்லா ராண்டாவும் கனடாவின் பிரெஞ்சு வழி வகுப்புகளை ஆராய்ந்தபோதும், ஆசிரியர்கள் அதிகம் கையாண்ட இந்த முறைக்கே மாணவர்களின் எதிர்வினை மிகக் குறைவாக இருந்தது. விடையைக் கொடுக்காமல் "எஸ்டர்டே ஐ...?" என்று நிறுத்தி, இரண்டு மூன்று விநாடி காத்திருங்கள். "வென்ட்" பெரும்பாலும் அவர் வாயிலிருந்தே வரும். இன்னும் படிக்காத வடிவமென்றால் வராது. அப்போது சொல்லிக்கொடுத்துவிட வேண்டியதுதான்.

பிறகு திருத்துவதற்குத் தாளும் பேனாவும் போதும். குறுக்கிடாமல், பிழையான வாக்கியங்களைச் சொன்னபடியே குறித்துக்கொள்ளுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் நான்கைந்தை மட்டும், யார் சொன்னது என்று காட்டாமல் பலகையில் எழுதி, இருவர் இருவராகத் திருத்தச் சொல்லுங்கள். நன்றாக அமைந்த ஒரு வாக்கியத்தையும் சேர்த்து எழுதுங்கள். கூச்சப்படுபவர்களுக்கு இது பெரிய ஆறுதல். உச்சரிப்புக்கு மட்டும் இது சரிவராது. தான் எழுப்பிய ஒலி அதற்குள் மாணவருக்கே மறந்திருக்கும்.

இலக்கணப் பயிற்சி என்றால் அப்போதே திருத்துங்கள். கதை சொல்லும்போதும் விவாதத்திலும் பொறுத்திருங்கள். சொல்லவந்த பொருளே புரியாமல் போனால் மட்டும் எங்கேயும் குறுக்கிடலாம்.